மாசாய் மாராவில் 'பள்ளிக்கு உதவும் சஃபாரி': பணம் எந்த வழியில் போகிறது?

கேள்வி: 2025 மே 28

ஆகஸ்டில் குடும்பமாகக் கென்யா போகிறோம், மாசாய் மாராவில் நான்கு இரவு. பார்க்கிற விடுதியெல்லாம் "சூழலுக்கு இசைவானது", "மாசாய் பிள்ளைகளின் பள்ளிக்கு உதவுகிறோம்" என்று போட்டிருக்கிறது (மாசாய் என்பது அங்கே மாடு மேய்த்து வாழும் மக்கள்). கட்டணத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இதில் உண்மை எவ்வளவு? பேசாமல் சாதாரண விடுதியில் தங்கிவிட்டு, நோட்டு பென்சில் எல்லாம் இங்கிருந்தே வாங்கிப் போய்ப் பிள்ளைகள் கையில் நேரடியாகக் கொடுத்துவிட்டால் என்ன?

மே 28, இரவு

நோட்டு பென்சில் வேண்டாம். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் விடுதியிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்த விடுதியின் கூடாரங்கள் நிற்பது யாருடைய நிலத்தில்?

மாரா என்று ஒரே பெயரில் சொன்னாலும் அங்கே இருப்பது இரண்டு வகை நிலம். ஒன்று காட்டு விலங்குகளுக்கான தேசியக் காப்பகம். சுமார் 1,510 சதுர கிலோமீட்டர், நரோக் கவுண்டி (நம் மாவட்டம் போல) அரசின் பொறுப்பில் இருக்கிறது. இன்னொன்று அதன் வடக்கிலும் கிழக்கிலும் ஒட்டிக் கிடக்கும் கன்சர்வன்சிகள், அதாவது காட்டு விலங்குகளுக்காக விட்டு வைத்த தனியார் நிலங்கள். இவை மாசாய் குடும்பங்களின் சொந்தப் பட்டா நிலங்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தங்கள் பங்குகளை ஒன்றாகச் சேர்த்து விடுதிக்காரர்களுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். அந்த நிலத்தில் வேலி போடுவதில்லை, உழுவதில்லை, வீடு கட்டுவதில்லை. பதிலுக்கு ஏக்கர் கணக்கில் வாடகை வருகிறது.

பள்ளிக்குப் பணம் போகிறதா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்த வாடகையில் கிடக்கிறது. விடுதி வரவேற்பறையில் வைத்திருக்கும் நன்கொடைப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

மே 29

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நைரோபியில் பல வருடமாக இருக்கிறேன், கணக்குத் தணிக்கைதான் தொழில். அலுவலகத் தோழி ஒருத்தியின் சொந்த ஊர் மாராவை ஒட்டிய தலேக் பக்கம். அவளுடைய தங்கை படித்த உறைவிடப் பள்ளிக்கு அவளோடு ஒருமுறை போயிருந்தேன். நான் கணக்குப் பார்ப்பவள் என்று தெரிந்ததும் தலைமையாசிரியர் கட்டணப் பேரேட்டை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டார்.

நீள வாக்கில் மடங்கிய, ஓரமெல்லாம் தேய்ந்த பேரேடு. இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர், பிறகு மூன்று பருவத்துக்கும் மூன்று கட்டங்கள். பாக்கி இருந்தால் சிவப்புப் பென்சிலில் வட்டம். புரட்டப் புரட்ட ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சில பெயர்களுக்கு நேரே மாதாமாதம் சின்னச் சின்னத் தொகை, ஏறக்குறைய ஒரே தேதிகளில். வேறு சில பெயர்களுக்குப் பருவம் முழுக்க ஒன்றுமில்லை, கடைசியில் ஒரே நாளில் மொத்தத் தொகை. அவரிடம் கேட்டேன். "இது வாடகை வரும் வீடு, அது மாடு விற்கும் வீடு" என்றார். அந்த மொத்தத் தொகை வந்த நாட்கள் சந்தைக்கு மறுநாள்.

அப்புறம் 2022-ஆம் வருடத்துப் பக்கங்களைத் திருப்பினார். கடும் வறட்சி. மாடு எலும்பும் தோலுமாக நிற்கும்போது யார் விலை கொடுப்பார்கள்? மாடு விற்கும் வீடுகளுக்கு நேரே வரிசையாகச் சிவப்பு வட்டம். அந்தப் பிள்ளைகளில் சிலர் பாதிப் பருவத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாடகை வரும் வீடுகளிலும் அந்த வருடம் மாடு செத்திருக்கிறது. ஆனால் அவர்களுடைய கட்டங்களில் பணம் ஏறிக்கொண்டே இருந்தது.

அந்தப் பேரேட்டுக்குப் பிறகு சுற்றுலாவும் பள்ளியும் பற்றி யார் என்ன விளம்பரம் போட்டாலும் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

மே 29, தொடர்ச்சி

"கென்யாவில் பள்ளி இலவசம் ஆயிற்றே" என்பவருக்கு: அரசுத் தொடக்கக் கல்விக்கு 2003-இலிருந்து கட்டணம் இல்லை. 2008-இலிருந்து மேல்நிலைப் பள்ளியிலும் பகல் நேரப் படிப்புக்குக் கற்பிக்கும் செலவை அரசே ஏற்கிறது. ஆனால் மாராவில் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே யானையும் எருமையும் நடமாடும் காடு. தினமும் நடந்து போய்வருவது எல்லோராலும் ஆகாது. அதனால் தங்கிப் படிக்க வேண்டியிருக்கிறது, அந்தத் தங்கும் செலவுதான் குடும்பத்தின் தலையில் விழுகிறது.

பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுதி இன்னும் முக்கியம். 2022-இல் எடுத்த தேசிய மக்கள்நலக் கணக்கெடுப்பில், நரோக் கவுண்டியில் 15 முதல் 19 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 28 சதவீதம் பேர் ஒருமுறையாவது கருவுற்றிருக்கிறார்கள். நாட்டின் சராசரி 15. பள்ளியில் பாக்கி விழுந்து வீட்டுக்கு வந்த பெண் எப்போது திரும்பிப் போவாள் என்பது யாருக்கும் தெரியாது.

ஜூன் 1

"மாசாய்களை நிலத்திலிருந்து விரட்டிவிட்டுத்தானே இந்தச் சுற்றுலாவே நடக்கிறது?" என்று கோபமாக ஒரு குறிப்பு வந்திருக்கிறது. கோபம் நியாயமானது. ஆனால் அவர் சொல்லும் சம்பவம் எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியாவில் நடந்தது.

1959-இல் செரங்கெட்டியிலிருந்து மாசாய்களை வெளியேற்றி ங்கொரொங்கொரோ பக்கம் அனுப்பினார்கள். 2022 ஜூனில் லோலியாண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி அரசு எல்லைக்கல் நட்டது. எதிர்த்து நின்றவர்கள் துப்பாக்கிக் குண்டு பட்டு ஓடினார்கள், ஒரு போலீஸ்காரர் உயிரிழந்தார். அதே சமயத்தில் ங்கொரொங்கொரோவிலிருந்தும் குடும்பங்களை வெகு தூரத்திலிருக்கும் ம்சொமேரா கிராமத்துக்கு மாற்றும் வேலை நடந்தது. எல்லாம் காட்டுயிர்ப் பாதுகாப்பின் பெயரில்.

இரு பக்கமும் ஒரே மக்கள், ஒரே புல்வெளி, ஆற்றைத் தாண்டும் வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) மந்தையும் ஒன்றேதான். ஒரு பக்கம் எல்லைக்கல், மறுபக்கம் வாடகை. காரணம் பட்டா. தான்சானியாவில் நிலம் முழுவதும் சட்டப்படி குடியரசுத் தலைவரின் பொறுப்பில் இருக்கிறது. கென்யாவில் 1968-இன் சட்டப்படி மாசாய் நிலங்கள் முதலில் கூட்டுப் பண்ணைகளாகப் பதிவாகின, பிறகு மாராப் பக்கம் அவை தனிப் பட்டாவாகப் பிரிந்தன. கையில் பத்திரம் இருப்பவனிடம் பேரம் பேசித்தான் ஆக வேண்டும்.

கென்யாவில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. கூட்டுப் பண்ணையைப் பிரித்தபோது பண்ணைக் கமிட்டிக்கு நெருக்கமானவர்களுக்கு ஆற்றோர நிலமும் மற்றவர்களுக்குக் கல்லாங்காடும் போன கதைகளை அங்கே எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் கேட்கலாம்.

ஜூன் 4

காட்டு விலங்குக்கு இந்த வாடகை ஏற்பாட்டால் என்ன லாபம் என்பதையும் பார்த்துவிடுவோம். கென்யாவில் 1977-இல் வேட்டை தடை செய்யப்பட்டது. அந்த 1977-க்கும் 2016-க்கும் நடுவே நாட்டின் மேய்ச்சல் நிலங்களில் இருந்த காட்டு விலங்குகள் சராசரியாக 68 சதவீதம் குறைந்துவிட்டன என்று வான்வழிக் கணக்கெடுப்புகளை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. சுடுவதற்குத் தடை இருந்தும் ஏன் இப்படி?

கென்யாவின் காட்டு விலங்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பூங்காக்களுக்கு வெளியே, மக்களின் நிலத்தில்தான் நடமாடுகிறது. புல்லைத் தின்பது வரிக்குதிரை, கன்றை அடிப்பது சிங்கம், நுழைவுக் கட்டணம் வாங்குவது அரசு. நிலத்துக்காரனுக்கு என்ன வந்தது? கோதுமைக்குக் குத்தகை விட்டால் பணம், வேலி போட்டால் புல் தனக்கே. மாராவின் வடகிழக்கே லோய்த்தா சமவெளியில் கோதுமை வந்தது, அங்கிருந்து மாராவுக்கு வந்து போகும் வில்டபீஸ்ட் கூட்டம் கரைந்துபோயிற்று. செரங்கெட்டியிலிருந்து வரும் பெரிய மந்தையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இந்த உள்ளூர் மந்தை கண்ணெதிரே தேய்ந்ததை யாரும் படம் பிடிக்கவில்லை.

கன்சர்வன்சி இதற்கு மாற்று. ஓல் கின்யேய் 2005-இல் தொடங்கியது, ஓலாரே ஓரோக் 2006-இல், மாரா நார்த் 2009-இல், நபோய்ஷோ 2010-இல். நபோய்ஷோ மட்டும் சுமார் 50,000 ஏக்கர், ஏறத்தாழ 500 நில உரிமையாளர்கள். 2013-இன் காட்டுயிர்ச் சட்டம் கன்சர்வன்சிகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது.

கணக்குப் பார்ப்பவளாக எனக்கு முக்கியமாகப் படுவது இது. முன்பு விடுதிகள் பயணிகளின் தலை எண்ணிக்கையை வைத்துப் பணம் கொடுத்தன, அதுவும் யாராவது ஒரு பெரிய மனிதர் கையில். கூட்டம் குறைந்தால் பணமும் குறையும், நடுவில் நின்றவர் பையும் நிறையும். புதிய ஏற்பாட்டில் கூடாரம் நிரம்பினாலும் காலியாகக் கிடந்தாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று நிலையான தொகை, ஒவ்வொரு உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கோ கைபேசிக்கோ நேராகப் போகிறது. தலைமையாசிரியரின் பேரேட்டில் ஒரே தேதிகளில் பணம் ஏறியது இதனால்தான்.

ஜூன் 4, பிற்பகல்

கட்டணம் ஏன் இவ்வளவு என்று கேட்டீர்களே, அதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஓல் கின்யேயில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்பது கணக்கு. அவ்வளவு நிலத்தின் வாடகையைச் சில படுக்கைகள் சுமக்க வேண்டும்.

காப்பகத்துக்குள் ஜூலை, ஆகஸ்டில் போனால் ஒரு சிவிங்கிப்புலியைச் சுற்றி வண்டிகள் வட்டம் கட்டி நிற்பதைப் பார்ப்பீர்கள். ஒரு விலங்கருகே ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது என்று விதி இருக்கிறது, பின்பற்றுவோர் குறைவு. அவ்வளவு வண்டிக்கு நடுவில் அது வேட்டையாடவே முடியாமல் எழுந்து போவதைப் பார்த்து மனம் கசந்து திரும்பியிருக்கிறேன். கன்சர்வன்சியில் அந்த நெரிசல் இல்லை. இரவு உலாவும் நடைப் பயணமும் அங்கே மட்டும்தான் உண்டு.

ஜூன் 9

இரண்டு நாளாக ஒன்று உறுத்திக்கொண்டிருக்கிறது. மேலே எழுதியதைப் படித்தால் வாடகை எல்லா வீட்டுக்கும் போகிறது என்று தோன்றும். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகிறது. பெரும்பாலும் ஆண்கள் பெயரில். கணவன் கைபேசியில் பணம் வந்து விழுந்தது மனைவிக்குத் தெரியாமலே போன வீடுகள் உண்டு. என் தோழியின் அம்மா இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். "பிள்ளைக்குக் கட்டணம் கட்டு என்று நச்சரிப்பது நான், பணம் வருவது அவருக்கு" என்பார்.

கூட்டுப் பண்ணையைப் பிரித்தபோது சிறுவர்களாக இருந்தவர்களுக்கும் நிலம் இல்லை. மாடு உண்டு, மேய்க்க இடம் கேட்டால் கன்சர்வன்சிக் காவலர் நிறுத்துகிறார். இப்போது பல இடங்களில் முறை வைத்து மேய்க்க விடுகிறார்கள். ஒரு பகுதியில் சில வாரம், பிறகு அடுத்தது. புல்லுக்கும் அது நல்லது. ஆனாலும் வறட்சிக் காலத்தில் இரவோடு இரவாக மாட்டை ஓட்டிப் போய் மாட்டிக்கொண்டு அபராதம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நிலமில்லாத இளைஞர்கள்தான். எனக்கு இது சரியாகப் படவில்லை.

அதனால் விடுதியிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: பட்டா இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டா, அதை யார் தேர்வு செய்கிறார்கள்? சில கன்சர்வன்சிகள் உதவித்தொகைக்கென்று தனியாக ஒதுக்குகின்றன. பாசிமணி வேலை செய்யும் பெண்கள் குழுக்களும் இங்கே முக்கியம். அந்தப் பணம் நேராக அம்மாக்கள் கைக்கு வருகிறது.

நஷுலாய் என்று ஒரு கன்சர்வன்சி 2016-இல் தொடங்கியது. மாசாய்களே நிறுவி நடத்துகிறார்கள், மக்களும் மாடுகளும் அங்கேயே இருக்க, விலங்குகளும் வந்து போகின்றன. 2020-இல் ஐ.நா.வின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது. வீட்டைக் காலி செய்யாமல் காட்டையும் வைத்துக்கொள்ள முடியும் என்று காட்டுகிறார்கள் என்பதால் எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை.

ஜூன் 10

கொரோனாவில் என்ன ஆயிற்று என்ற கேள்விக்குச் சுருக்கமாக: 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றன, கூடாரங்கள் மூடப்பட்டன. பல கன்சர்வன்சிகளில் வாடகை பாதியாக இறங்கியது, வெளிநாட்டு நிதி கொஞ்சம் தாங்கியது. நிலையான வாடகை என்று நான் சொல்வது ஒரு மோசமான பருவத்தைத் தாங்கும், உலகமே நின்றால் தாங்காது. சுற்றுலாவை மட்டும் நம்பி மாட்டை விட்டுவிடச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் நம்ப வேண்டாம் என்று அப்போதே மாசாய் பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் மாட்டை விடவில்லை, பிழைத்தார்கள்.

ஜூன் 12

மாட்டை அடிக்கும் சிங்கத்தை அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டவருக்கு. கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நைரோபி தேசியப் பூங்காவின் தெற்கே கித்தெங்கெலா. அங்கே ரிச்சர்ட் துரெரே என்ற பையனுக்கு அப்பாவின் மாட்டுப் பட்டியைக் காக்கும் வேலை. சிங்கம் வந்து மாட்டை அடித்துக்கொண்டே இருந்தது. கைவிளக்கோடு பட்டியைச் சுற்றி நடந்தால் சிங்கம் கிட்டே வருவதில்லை என்று கவனித்தான். பழைய கார் பேட்டரி, சூரியத் தகடு, மோட்டார் சைக்கிளின் இண்டிகேட்டர் பெட்டி, உடைந்த டார்ச்சின் பல்புகள். இவற்றைச் சேர்த்து, யாரோ விளக்கோடு நடப்பதுபோல மாறி மாறி மின்னும்படி செய்துவிட்டான். அப்போது வயது 11. பட்டிக்கு அப்புறம் சிங்கம் வரவில்லை. அதை வைத்தே நைரோபியின் பெயர்பெற்ற பள்ளி ஒன்றில் இலவசமாகப் படிக்க இடம் கிடைத்தது. அக்கம்பக்கத்துப் பட்டிகளிலும் அந்த விளக்குகள் ஏறின.

கென்யாவின் தெற்கே அம்போசெலி தேசியப் பூங்காப் பக்கம் 2007-இல் தொடங்கிய 'லயன் கார்டியன்ஸ்' இன்னொரு வழி. மாசாய் வழக்கப்படி சிங்கத்தைக் கொன்று பேர் வாங்க வேண்டிய வயதில் இருக்கும் இளைஞர்களையே சிங்கக் காவலர்களாக வேலைக்கு எடுத்தார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வேலையோடு எழுத்தும் கற்றுக்கொடுத்தார்கள். தடம் பார்ப்பதில் அவர்களுக்கு இணை கிடையாது. இப்போது அதைத் தாளிலும் பதிவு செய்கிறார்கள். பள்ளி என்றால் கட்டடம்தான் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதே பகுதியில் 2012 முதல் 'மாசாய் ஒலிம்பிக்ஸ்' நடக்கிறது. சிங்க வேட்டைக்குப் பதிலாக ஈட்டி எறிதல், உயரம் தாண்டுதல், ஓட்டம். 800 மீட்டரில் உலக சாதனை வைத்திருக்கும் டேவிட் ருதிஷா அதற்குப் புரவலர். அவரும் மாசாய்தான், நரோக் கவுண்டிக்காரர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் 1:40.91-இல் ஓடியதைப் பற்றி அங்கே டீக்கடையில் எடுத்துவிட்டால் உங்களுக்கு வேறு எதுவும் பேசக் கிடைக்காது.

ஜூன் 15

சரி, நோட்டு பென்சில் விஷயம்.

நல்ல மனதோடு கேட்கிறீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து பாருங்கள். தகரக் கூரை, ஒரு பெஞ்சுக்கு மூன்று நான்கு பிள்ளைகள், கணக்குப் பாடம் நடக்கிறது. வெளியே சஃபாரி வண்டி நிற்கிறது. ஆசிரியர் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வருகிறார், பிள்ளைகள் வரிசையில் நின்று பாடுகிறார்கள், பயணிகள் படம் எடுக்கிறார்கள், பென்சில் கைமாறுகிறது. ஆகஸ்ட் உச்சக் காலத்தில் எத்தனை வண்டி வரும் என்று யோசித்துப் பாருங்கள். பாடத்தை இழந்துதான் அந்தப் பென்சிலை வாங்குகிறார்கள். உங்கள் பிள்ளை படிக்கும் வகுப்பில் முன்பின் தெரியாதவர் நுழைந்து படம் எடுத்தால் நீங்கள் சம்மதிப்பீர்களா?

சாலையோரம் கொடுப்பது இன்னும் மோசம். மாடு மேய்க்கும் பிள்ளை வண்டியைக் கண்டதும் ஓடி வரப் பழகிவிடுகிறது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நரோக் நகரத்துக் கடைகளில் வாங்கி, விடுதி மூலம் தலைமையாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். அதற்கு முன் என்ன வேண்டும் என்று கேளுங்கள். நான் கேட்டபோது வந்த பதில்: மாணவியர் விடுதிக்குத் தண்ணீர்த் தொட்டி, மாதவிடாய் அணையாடை, கட்டணப் பாக்கி. பென்சில் பட்டியலிலேயே இல்லை.

ஜூன் 16

"பள்ளிக்கு" என்று விடுதி ரசீதில் தனியாக ஒரு வரி போட்டால் அது எந்தப் பள்ளி, எந்தக் கணக்கு என்று கேளுங்கள். ஒரு விடுதியில் இப்படி வாங்கினார்கள், பெயர் சொல்ல விரும்பவில்லை. கேட்டபோது மேலாளருக்குப் பள்ளியின் பெயரே தெரியவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் 21

"சூழலுக்கு இசைவானது" என்பதில் சூரிய மின்சாரம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, பிளாஸ்டிக் தவிர்ப்பு எல்லாம் இன்று பல விடுதிகளில் இருக்கிறது. கேட்டால் காட்டுவார்கள். நான் கூடுதலாகப் பார்ப்பது இரண்டு. சமையலுக்கும் வெந்நீருக்கும் விறகு எங்கிருந்து வருகிறது, வழிகாட்டி எந்த ஊர். முன்பெல்லாம் வழிகாட்டிகள் வெளியூர்க்காரர்களாகவே இருந்தார்கள். 2005-இல் மாராவை ஒட்டிய கோய்யாக்கியில் மாசாய் இளைஞர்களுக்கென்றே வழிகாட்டிப் பள்ளி ஒன்று வந்தது, இன்று மாராவில் பல விடுதிகளில் அங்கே படித்தவர்களைப் பார்க்கலாம். பெண் வழிகாட்டிகளும் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தியோடு ஒரு காலை முழுக்கச் சுற்றியிருக்கிறேன். கழுதைப்புலியின் தடத்தையும் சிங்கத்தின் தடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, நகக்குறி எதில் விழும் எதில் விழாது என்று என் மகளைத் தரையில் உட்காரவைத்து விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவள் சம்பளத்தில் இரண்டு தம்பிகள் படிக்கிறார்கள்.

ஜூலை 2

விடுதி அனுப்பிய பதிலை இங்கே போட்டதற்கு நன்றி. நிலம் கன்சர்வன்சியுடையது, வாடகை மாதாமாதம் நேராக உரிமையாளர் கணக்குக்கு, வழிகாட்டிகள் உள்ளூர்க்காரர்கள். மூன்றும் தெளிவாக இருக்கிறது. உதவித்தொகையை யார் தேர்வு செய்கிறார்கள் என்பதற்கு மழுப்பலாக ஒரு வரி. மறுபடி கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. எனக்கென்றால் இந்த இடத்தையே எடுத்துக்கொள்வேன்.

நான்கு இரவில் ஒரு பகலைக் காப்பகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆற்றைத் தாண்டும் மந்தையைப் பார்க்க வேண்டுமே. ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 200 டாலர், சீட்டு 12 மணி நேரம்தான் செல்லும். விடியற்காலையில் நுழைந்துவிடுங்கள். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் போவதானால் ஆளுக்கு 15 கிலோதான், சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம், துணிப்பை எடுத்து வாருங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாளுக்கு முன்னால் போட்டு அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள், திரும்பி வரும்போது சென்னையில் கேட்பார்கள்.